மருந்தடிக்கிறவன் ரத்தத்தைச் சோதிக்க 1971-லேயே விதி இருக்கு! சோதித்தது யார்?



உங்கள் ஊரில் மருந்தடிக்கிறவர்கள் எத்தனை பேர்? திருமங்கலம், வலையங்குளம், எலியார்பத்திப் பக்கம் மல்லிகைக்கு அடிக்கிறவர்கள், பேரையூர், டி.கல்லுப்பட்டிக் கரிசலில் பருத்திக்கு அடிக்கிறவர்கள், மேலூர், வாடிப்பட்டி ஆயக்கட்டில் நெல்லுக்கு அடிக்கிறவர்கள், சொந்தக் காட்டுக்கு அடிக்கிறவர்கள், டேங்குக்கு இவ்வளவு என்று பேசிக் கூலிக்கு அடிக்கிறவர்கள் என எல்லாரையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். அதில் எத்தனை பேருக்கு 'கோலினெஸ்டெரேஸ்' என்ற ரத்தச் சோதனை நடந்திருக்கிறது?

"அது என்னங்க, பேரையே இப்பத்தானே கேக்குறோம்" என்பீர்கள். நாங்கள் போன ஊரிலெல்லாம் இதே பதில்தான் வந்தது.

ஆனால் 1971-ஆம் ஆண்டு மத்திய அரசு போட்ட பூச்சிக்கொல்லி விதிகளில் 37-வது விதி என்ன சொல்கிறது? பூச்சிக்கொல்லி தயாரிக்கும் வேலையிலும் தெளிக்கும் வேலையிலும் இருக்கிறவர்களை, வேலைக்கு வைக்கும் முன் டாக்டர் சோதிக்க வேண்டும். பிறகும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை விஷங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவைப் பார்க்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பதிவேட்டில் நம் பேர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? யாராவது காட்டட்டும்!

இது ஏதோ டாக்டர்மார் சமாச்சாரம் என்று நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் உடம்பில் அந்த விஷம் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று தெரிந்தால்தான், நாம் கேட்கிற கேள்வியின் நியாயம் புரியும்.

மண்வெட்டியைத் தூக்க வேண்டும் என்று நினைக்கிறோம். மூளையிலிருந்து உத்தரவு நரம்பு வழியாக ஓடி வருகிறது. நரம்பு நேராகச் சதையில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. நரம்பு நுனிக்கும் சதைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டிச் சேதி கொண்டுபோக ஒரு தூதன் வேண்டும். அந்தத் தூதனின் பேர் அசிட்டைல்கோலின். நரம்பு நுனியிலிருந்து அது புறப்பட்டுச் சதையின் வாசலைத் தட்டும். சதை சுருங்கும். மண்வெட்டி மேலே எழும்பும்.

தூதன் சேதி சொல்லி முடித்ததும் அங்கேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது. நின்றால் சதை சுருங்கிக்கொண்டே இருக்கும். அதற்காக உடம்பு ஒரு காவலாளியை வைத்திருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் போதும் என்றதும் மடையை அடைக்கிற நீர்ப்பாய்ச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காவலாளிதான் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி. தூதன் வேலை முடிந்த மறு நொடியே அதை உடைத்துப் போட்டுவிடும். ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கில் உடைக்கும். அவ்வளவு வேகம்.

நாம் அடிக்கிற புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட், குயினால்பாஸ், டைமெத்தோயேட் எல்லாம் இந்தக் காவலாளியின் கையைத்தான் கட்டிப்போடுகின்றன. நேற்றுவரை அடித்த மோனோகுரோட்டோபாஸும் அதே இனம்தான். மடையை அடைக்க ஆளில்லை. தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கிறது. வாயில் எச்சில் ஊறி வழியும், கண்ணில் நீர் கொட்டும், வியர்த்து ஊற்றும், வயிற்றைப் புரட்டும், ஒன்றுக்கு அடங்காது, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிப் பார்வை மங்கும். தோலுக்கடியில் சதை தானாகத் துடிக்கும். பிறகு துடித்துத் துடித்து ஓய்ந்துபோகும். நெஞ்சுக்கூட்டை இழுத்து மூச்சு வாங்க வைக்கிற சதையும் அதோடு ஓய்ந்தால் ஆள் போய்விடுவான்.

புழுவின் நரம்பு மண்டலத்திலும் இதே தூதன்தான், இதே காவலாளிதான். நம் மாட்டுக்கும், வீட்டு நாய்க்கும், கோழிக்கும் அப்படித்தான். விஷத்துக்குப் புழு எது, மனுசன் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அளவுதான் வித்தியாசம். நாம் என்னடாவென்றால் இதற்கு 'மருந்து' என்று பேர் வைத்திருக்கிறோம்! கடைக்காரரும் மருந்து என்கிறார், அதிகாரியும் மருந்து என்கிறார். குடித்துச் செத்தால் மட்டும் விஷம்.

இந்த விஷம் எங்கிருந்து வந்தது என்பதும் நம் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். 1921-இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அது ஊறிக் கிடந்த நீரை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார். அதுவும் துடிப்புக் குறைந்தது. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரந்துதான் சேதி சொல்கிறது என்று நிரூபணமானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். லோவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே 1936-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோது கையில் சிக்கியது 'தாபுன்' என்ற நரம்பு விஷம். பூச்சிக்கென்று தேடியதை ஹிட்லரின் ராணுவம் யுத்தத்துக்கென்று எடுத்துக்கொண்டது. அதே குடும்பத்துச் 'சாரின்' வாயுவைத்தான் 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விட்டு ஆட்களைக் கொன்றார்கள். அதே ஷ்ராடர் கண்டுபிடித்த இன்னொரு சரக்கு பாரத்தியான். நம் ஊர் வாயில் அது பாலிடால். எந்தக் கிராமத்துக் கிழவியைக் கேட்டாலும் அந்தப் பேர் தெரியும். ஏன் தெரியும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

1958-இல் கப்பலில் உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றி வந்த பாரத்தியான் கசிந்து, அந்த மாவைத் தின்ற 100-க்கும் மேற்பட்டவர்கள் கேரளத்திலும் பக்கத்திலும் செத்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் விசாரணை நடந்தது, 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, 1971-இல் விதிகள் வந்தன. ஆக, 37-வது விதி சும்மா வந்ததில்லை. பிணங்கள் மீது எழுதப்பட்டது. அதைத்தான் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் ஊர் நடப்புக்கு வருவோம்.

சித்திரை வெயிலில் மருந்தடித்துவிட்டு வந்தவருக்குத் தலை கிறுகிறுக்கிறது, வாந்தி வருகிறது, கண் மங்கலாகிறது. வீட்டில் என்ன சொல்கிறோம்? "வெயில் தாக்கிருச்சு, மோரைக் குடிச்சிட்டுப் படு." "பித்தம் ஏறிருச்சு, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடு." ராத்திரி தூங்கி எழுந்தால் கொஞ்சம் தெளிகிறது. மறுநாள் மறுபடியும் டேங்கைத் தூக்குகிறார். அது வெயில் இல்லை. காவலாளிகளில் பாதிப் பேர் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பதற்கு உடம்பு அடித்த தண்டோரா.

கட்டுண்ட காவலாளி ஒரு ராத்திரியில் மீண்டு வருவதில்லை. இந்த விஷம் நொதியை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால், ரத்தத்தின் சிவப்பணுக்கள் புதிதாய் ஊறி வந்தால்தான் பழைய அளவு திரும்பும். அதற்கு வாரக்கணக்கில், ஏன், மூன்று நான்கு மாதம்கூட ஆகும். மல்லிகைக்கு மொட்டுப்புழு சீசனில் வாரம் ஒரு முறை அடிக்கிறவர்கள் நம்மில் உண்டு. வரத்து இல்லாத கண்மாயில் வாரா வாரம் தண்ணீர் இறைத்தால் என்ன ஆகும்? அதுதான் நம் ரத்தத்திலும் நடக்கிறது. அளவு மெல்ல மெல்ல இறங்கும்போது வெளியே ஒன்றுமே தெரியாது. ஒருநாள் வழக்கம்போல அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் வரப்பில் சாய்வார். "பத்து வருசமா அடிக்கிறாரு, ஒண்ணும் ஆனதில்லையே" என்று ஊரே ஆச்சரியப்படும். ஆச்சரியம் ஒன்றுமில்லை. ரத்தத்தை அளந்து பார்த்திருந்தால் ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கிற நம் பெண்களைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? முந்தின நாள் அடித்த செடியில்தான் விரல் படுகிறது. இந்த விஷம் தோல் வழியாகவே உள்ளே இறங்கும். மாட்டுத்தாவணிக்குப் பூ போகிறது, அங்கிருந்து எங்கெங்கோ போகிறது. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். பூவுக்குப் பட்டயம் இருக்கிறது, பறிக்கிற கைக்கு ஒரு சோதனைகூட இல்லை!

கேட்டால் அதிகாரிகள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை. முகக்கவசம் போடுறதில்லை, கையுறை போடுறதில்லை." ஐயா, வைகாசி வெயிலில் ரப்பர் கோட்டும் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, முதுகில் 16 லிட்டர் டேங்கோடு ஒரு ஏக்கர் நடந்து காட்டுங்கள். ஒரே ஒரு ஏக்கர். பிறகு பேசுவோம். நாம் சொல்வது மட்டுமில்லை, ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட பூச்சிக்கொல்லி நடத்தை விதியே சொல்கிறது: மாட்டிக்கொள்ள முடியாத, விலை அதிகமான பாதுகாப்புக் கவசம் தேவைப்படுகிற விஷங்களை, வெப்ப நாடுகளில் சிறு விவசாயிகள் கையில் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று. குற்றம் நம் வேர்வையில் இல்லை. கொடுத்தவன் கையில் இருக்கிறது.

இன்னொரு பதிலும் வரும். "37-வது விதி வேலைக்கு ஆள் வைக்கிற முதலாளிக்குத்தானே, சொந்தக் காட்டில் அடிக்கிறவனுக்கு யார் பொறுப்பு?" அதைத்தான் நாமும் கேட்கிறோம்! கம்பெனிக்குள் விஷத்தை டப்பாவில் அடைக்கிற தொழிலாளிக்குச் சோதனை உண்டு. நல்லது, அவரும் நம் சகோதரர்தான். அந்த டப்பாவைத் திறந்து, மூடியால் அளந்து, கையால் கலக்கி, காற்றில் அடிக்கிற நமக்கு எதுவும் கிடையாது. அரை ஏக்கர்காரன் தனக்குத்தானே முதலாளியாம், தனக்குத்தானே டாக்டரைக் கூட்டி வர வேண்டுமாம். நல்ல சட்டமடா சாமி!

செய்ய முடியாத காரியமா இது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் இது நடக்கிறது. சீசன் தொடங்கும் முன் ரத்தத்தில் நொதியின் அளவைக் குறித்து வைக்கிறார்கள். அது 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலை நடக்கிற முறையை விசாரிக்க வேண்டும். சிவப்பணு நொதி 70 சதவீதத்துக்கு வந்துவிட்டால் அந்த ஆளை விஷத்தின் பக்கமே விடக் கூடாது. மறுபடி 80-ஐத் தொட்ட பிறகுதான் அனுமதி. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் அளவு சொல்கிற கையடக்கக் கருவி வந்து பல வருடங்கள் ஆகின்றன. 2021-இல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்தார்கள். வரவேற்கிறோம். சர்க்கரை பார்க்கிற பையில் இந்தக் கருவிக்கு மட்டும் இடமில்லையா?

தடை, தடை என்று பேசுகிறார்களே, அந்தக் கதையையும் பாருங்கள். மோனோகுரோட்டோபாஸை அமெரிக்கா 1988-லேயே நிறுத்திவிட்டது. பக்கத்தில் இருக்கிற இலங்கை 1995-இல் நிறுத்தியது. நம்மைப் போலவே நெல் விளைகிற நாடு அது. அங்கே விளைச்சல் விழவில்லை. தற்கொலைச் சாவுகள்தான் அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய பாதியாக விழுந்தன. இங்கே 2005-இல் காய்கறிக்கு மட்டும் கூடாது என்றார்கள். பருத்திக்கு வாங்கியதைக் கத்தரிக்காய்க்கு அடிக்கக் கூடாது என்று டப்பாவில் எழுதிவிட்டால் போதுமா? மல்லிகை மொட்டுப்புழுவுக்கு இதை அடிக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருந்தது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இது செய்யும் கேட்டை ஆதாரத்தோடு தொகுத்து வெளியிட்டது. அசையவில்லை. 2013-இல் பீகார் மாநிலம் சாப்ரா பக்கம் பள்ளிக்கூட மதிய உணவில் இது கலந்து 23 பிள்ளைகள் செத்தார்கள். அசையவில்லை. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கும் மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூரிலும் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள் செத்தார்கள். 2020-இல் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யப் போவதாக மத்திய அரசு வரைவு ஆணை போட்டது. கம்பெனிகள் கூச்சல் போட்டன. 2023 செப்டம்பர் இறுதியில் வந்த ஆணையில், மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல்.-க்குத் தடை, அதுவும் சரக்கை விற்றுத் தீர்க்க ஓராண்டு அவகாசத்தோடு! குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட்டுக்குச் சில பயிர்களில் மட்டும் கூடாது என்று ஒரு பட்டியல். விஷம் பயிரைப் பார்த்தா நரம்பைப் பிடிக்கும்?

தமிழக அரசு 2023 தொடக்கத்தில் 6 பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை போட்டது. ஆறும் இந்த இனம்தான். மாநில அரசுக்குச் சட்டம் கொடுத்திருக்கிற அதிகாரம் அவ்வளவுதான்; நிரந்தரத் தடை டெல்லி கையில். தற்கொலையைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். சரி, தேவைதான். ஆனால் குடிக்கிறவனைப் பற்றிக் கவலைப்பட்ட அரசு, அடிக்கிறவனைப் பற்றி ஒரு வரி எழுதியதா? அறுபத்தோராம் நாள் விஷம் கடைக்கு வந்துவிட்டது. 2025-இல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள் குளோர்பைரிபாஸை ஒழிக்க வேண்டிய நஞ்சுகள் பட்டியலில் சேர்த்தன, சில விலக்குகள் வைத்து. நம் உரக்கடையில் அந்தச் சேதி ஒட்டப்பட்டிருக்கிறதா, பாருங்கள்.

சிகிச்சைப் பக்கம் வருவோம். அட்ரோபின் என்று ஒரு ஊசி மருந்து. அது தூதன் தட்டுகிற வாசல்களில் ஒரு பகுதியை அடைத்து, எச்சிலும் சளியும் நுரையீரலை மூழ்கடிக்காமல் காப்பாற்றும். விலை குறைந்த, பழைய மருந்து. நம் குப்பைமேட்டு ஊமத்தையில் இருக்கிற சரக்குதான் அது. (அதற்காக யாரும் ஊமத்தையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அளவு தெரியாமல் கொடுத்தால் அதுவே கொல்லும்.) கடுமையான விஷத்துக்கு ஒன்றிரண்டு ஆம்பூல் போதாது, டஜன் கணக்கில் வேண்டும். அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட ஆரம்பிக்காமல், பேரையூர்க் கோடியிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிவரை வெறும் ஆளாகக் கொண்டுபோனால் வழியிலேயே மூச்சு நின்றுவிடும். ஓய்ந்த சதையை அட்ரோபின் எழுப்பாது. அதற்குச் செயற்கை சுவாசக் கருவி வேண்டும். இன்னொன்று: பிழைத்துவிட்டார் என்று நினைக்கும்போது, ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்து துவண்டு, தலையைத் தூக்க முடியாமல் போய், மூச்சு அடங்குகிற ஒரு கட்டம் உண்டு. 1987-இல் இலங்கை டாக்டர்கள்தான் இதைப் பிரித்து எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். ஆகவே வாந்தி நின்றதும் "வீட்டுக்குக் கூட்டிப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள்.

யாராவது சாய்ந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். உங்கள் கையில் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் எண்ணெயும் புகட்டாதீர்கள். 108-க்குப் போன் போட்டுவிட்டு, அடித்த மருந்தின் டப்பாவை ஒரு பையில் கட்டிக் கூடவே கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி "குடிச்சாரா?" என்றுதான் வரும். "இல்லை, காட்டில் மருந்தடிச்சப்போ விழுந்தார்" என்று தெளிவாகச் சொல்லி, அப்படியே சீட்டில் எழுத வையுங்கள். எழுதாவிட்டால் நம் சாவு தொழில் விபத்துக் கணக்கில் வராது. குடித்துச் செத்தான் என்று ஊர் பேசும், குடும்பம் தலை குனியும், நிவாரணமும் கிடைக்காது.

நாம் கேட்பது இதுதான். மருந்தடிக்கிற ஒவ்வொருவருக்கும், பூப்பறிக்கிற பெண்களுக்கும், சீசன் தொடங்கும் முன்பும் சீசன் நடுவிலும் கோலினெஸ்டெரேஸ் சோதனையை அரசே ஊருக்கு வந்து இலவசமாகச் செய்ய வேண்டும். அளவு இறங்கியவருக்கு அவர் ஓய்வெடுக்கிற நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பசி அவரை மறுபடி டேங்கைத் தூக்க வைக்கும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அட்ரோபின் போதிய அளவு இருக்கிறதா என்று போர்டில் எழுதி வைக்க வேண்டும். 2020 வரைவில் பேர் இருந்த மீதி விஷங்களுக்குத் தடை வர வேண்டும். அதோடு மாற்று வழிக்கு, இனக்கவர்ச்சிப் பொறிக்கும் ஒட்டுண்ணி அட்டைக்கும், மானியம் வர வேண்டும். மாற்றைக் கொடுக்காமல் தடையை மட்டும் போட்டால் புழு நம்மைத் தின்னும், அதையும் சொல்லிவிடுகிறோம்.

இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மதுரைக் கலெக்டர் அலுவலகத்தில் எல்லாரும் மனுக் கொடுக்கிறோம். உங்கள் ஊரில் மருந்தடிக்கிறவர்கள் பேர், வயது, எத்தனை வருடமாக அடிக்கிறார்கள், கடைசியாக என்ன மருந்து அடித்தார்கள், அடித்த பின் என்ன செய்தது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். காலி டப்பாக்களைத் தூக்கி வர வேண்டாம், கடை பில்லைக் கொண்டு வாருங்கள். பில் தரமாட்டேன் என்கிற கடையின் பேரையும் குறித்து வாருங்கள். கூலிக்கு மருந்தடிக்கிறவர்களையும் பூப்பறிக்கிற தாய்மார்களையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். வேன் செலவை ஊர்க் கிளை பார்த்துக்கொள்ளும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டும் எண்ணும் வாங்காமல் யாரும் வாசலைவிட்டு நகர வேண்டாம்.